யாரைக் கேட்டுச் செய்தோம்?

'யாரைக் கேட்டுச் செய்தாய்?' தமிழ் இல்லங்களில் பெரியவர்கள் எழுப்பும் வினாக்களுள் இதைவிடக் கூர்மையானது வேறொன்று இல்லை எனலாம். பெண் பார்ப்பது முதல் பழைய திண்ணையை இடிப்பது வரை வீட்டில் நடப்பது எதுவாயினும் தம்மைக் கேட்டே நடக்க வேண்டும் என்னும் உரிமைக்குரல் அது. அவ்வினாவுக்கு அஞ்சியே எத்தனையோ காரியங்களை நாம் நிதானித்துச் செய்திருக்கிறோம். ஆனால் அதே பெரியவரை மறதிநோய் பற்றும்போது நிகழ்வது என்ன? அவர் நம் பெயர்களை மறப்பதற்கு வெகுநாள் முன்பே, நாம் அவரைக் கேட்பதை மறந்துவிடுகிறோம். அவர் அருகில் அமர்ந்திருக்கும்போதே, அவர் அங்கு இல்லாதவர் போல மருத்துவரிடம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவருடைய அறையை மாற்றுகிறோம், பணப்பையை எடுத்து வைத்துக்கொள்கிறோம், வாயிற்கதவைப் பூட்டுகிறோம். எல்லாம் அவர் நன்மைக்கே. 'யாரைக் கேட்டுச் செய்தாய்?' என்று அவர் எப்போதாவது சீறினால், அச்சீற்றத்தையும் நோயின் குறிகளுள் ஒன்றாகவே கணக்கிடுகிறோம்.

மறதிநோயோடு வாழ்வோருக்கென்று இன்று பலவகை உதவிக் கருவிகள் உருவாக்கப்படுகின்றன. அக்கருவிகளை வடிவமைக்கும்போது, அவற்றைப் பயன்படுத்தப்போகும் அம்மனிதர்களையே கேட்க வேண்டுமா? கேட்க வேண்டுமெனில் எதற்காக? மரியாதைக்காகவா, கருவி நன்கு அமைய வேண்டும் என்பதற்காகவா, அல்லது கேட்காமல் செய்வது அநீதி என்பதற்காகவா? 'நினைவு தவறியவரிடம் போய் என்னத்தைக் கேட்பது?' என்பதே நம்மில் பலரின் முதல் எண்ணமாக இருக்கக்கூடும். அவ்வெண்ணத்தைச் சற்றே நிறுத்தி ஆராய்ந்து பார்ப்போம்.

நோயும் கருவியும்

மறதிநோய் என்பது வெறும் மறதி அன்று. மூளையைத் தாக்கும் பல்வேறு நோய்களால் நினைவு, மொழி, இடத்தையும் நேரத்தையும் உணரும் ஆற்றல், ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் திறன் ஆகியவை சிறிது சிறிதாகக் குன்றும் நிலை அது. மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். இதற்குக் காரணமான நோய்களுள் மிகப் பரவலானது, ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் எடுத்துரைத்ததும் அவர் பெயராலேயே வழங்குவதுமாகிய அல்சைமர் நோய். யாழ்ப்பாணத் தமிழில் 'அறளை பெயர்தல்' என்றொரு பழஞ்சொல் உண்டு. தமிழகத்தில் நாம் 'குழந்தை மாதிரி ஆகிவிட்டார்' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம்.

உலகில் 5.5 கோடிக்கும் அதிகமானோர் இந்நிலையோடு வாழ்கின்றனர் என்றும், அவர்களுள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகளில் இருக்கின்றனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. எனவே இது எங்கோ தொலைதூரத்தில் உள்ளவர்களின் துயரம் அன்று.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லாத நிலையில், அன்றாட வாழ்வைத் தாங்கிப் பிடிக்கக் கருவிகளை நாடுவது இயல்பே. வெளியே சென்றவர் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி, அணைக்க மறந்த எரிவாயு அடுப்பைத் தானே அணைக்கும் கருவி, மாத்திரை வேளையை ஒலித்து அறிவிக்கும் பெட்டி, இரவில் கட்டிலை விட்டு இறங்கியதும் தானாக எரியும் விளக்கு, 'இப்போது செவ்வாய்க்கிழமை காலை' என்று எழுத்தில் காட்டும் கடிகாரம் எனப் பட்டியல் நீளும். இவற்றை விலை கொடுத்து வாங்குபவர் பெரும்பாலும் மகனோ மகளோ. இவற்றோடு வாழ வேண்டியவர் தாயோ தந்தையோ. ஆகவே, காசு கொடுப்பவரின் கவலையைக் கேட்டுச் செய்த பொருள், அணிந்துகொள்பவரின் மனத்தைக் கேளாமலே கடைக்கு வந்துவிடுவது எளிது. நம் சிக்கல் தொடங்குமிடம் இதுவே.

நினைவுதான் மனிதரா?

கேட்காமைக்குப் பின்னால் ஒரு தத்துவம் ஒளிந்துகொண்டிருக்கிறது. நினைவு போனால் ஆளும் போய்விட்டார் என்பதே அது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1694-இல், மனித அறிவைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு, நேற்றைய செயல்களைத் தம்முடையவை என்று உணரும் தன்னுணர்வே ஆதாரம் என்று வாதிட்டார். இக்கருத்தை அப்படியே நீட்டிக்கொண்டு போனால், நேற்றையதைத் தம்முடையது என்று உணர இயலாதவர் நேற்றைய தந்தையல்லர், வேறு யாரோ. 'இவர் எங்கள் அப்பாவே இல்லை' என்று களைப்பின் உச்சியில் பிள்ளைகள் சொல்லும்போது, லாக்கைப் படிக்காமலே அவர் சொன்னதைச் சொல்கிறார்கள்.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட வேறொரு மரபு உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் போயத்தியுஸ் என்னும் ரோமானிய அறிஞர், பகுத்தறிவு இயல்பினையுடைய தனிப்பொருளே 'ஆள்' என்று வரையறுத்தார். 'இயல்பு' என்னும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். அறிவைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருந்தால்தான் ஆள் என்று அவர் கூறவில்லை. உறங்குகிறவரும், மயக்கத்தில் கிடப்பவரும், இன்னும் பேசத் தொடங்காத சிசுவும் ஆட்களே. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் 10-ஆம் பகுதியில் நினைவின் விரிந்த மண்டபங்களுக்குள் வியப்போடு நடந்து செல்கிறார். அங்கே அவர் கண்டுகொள்வது, தம் முழுமையைத் தாமே பற்றிக்கொள்ள முடியவில்லை என்பதை. கூர்மையான நினைவாற்றல் கொண்ட அவரே அவ்வாறு உணர்ந்தார் எனில், நம்மில் எவரும் நினைவினால் மட்டும் நம்மை முழுமையாக வைத்திருக்கவில்லை என்பது தெளிவு. நம் பிறப்பை நாம் அறிந்ததே பிறர் சொல்லித்தான் அன்றோ?

நம் காலத்துக்கு அருகில், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் 1997-இல் வெளியிட்ட நூல் ஒன்று மறதிநோய்ப் பராமரிப்பின் போக்கையே மாற்றியது. உறவின் நடுவே பிறர் ஒருவருக்கு வழங்கும் மதிப்பே அவரை ஆளாக நிலைநிறுத்துகிறது என்றார் அவர். அம்மதிப்பைக் குலைக்கும் 17 நடத்தைகளை வரிசைப்படுத்திக் காட்டினார்: குழந்தையைப் போல் நடத்துதல், அவர் எட்ட முடியாத வேகத்தில் பேசுதல், இருப்பவரை இல்லாதவர் போல் ஒதுக்குதல், அவரால் செய்ய முடிந்ததையும் செய்யவிடாமை முதலியன. இவற்றைச் செய்வோர் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் அன்பானவர்களே என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

கிட்வுட்டின் கருத்தில் ஒரு நெருடல் உண்டு. மதிப்பைப் பிறர்தாம் வழங்குகின்றனர் என்றால், பிறர் அதைப் பறித்துக்கொள்ளவும் கூடுமே! மனித மாண்பு எவரும் எவருக்கும் ஈயும் கொடை அன்று என்பது நாம் பற்றி நிற்கும் நம்பிக்கை. ஆயினும், நாம் ஈயாத ஒன்றை மூடி மறைக்க நம்மால் முடியும். சுவருக்குள் அடைத்த விளக்கு அணைந்துவிடுவதில்லை. ஆனால் அதன் ஒளியில் யாரும் நடக்க முடியாது. ஒருவரைக் கேட்பது அவருக்கு மாண்பு வழங்குவதாகாது. ஏற்கெனவே உள்ள மாண்பு வெளிப்பட வழிவிடுவதாகும். கேட்காமை அவ்வழியை அடைத்துவிடுகிறது. 'கேட்பது' என்னும் எளிய செயலுக்கு இத்தனை அறக்கனம் இருப்பது இதனால்தான்.

கேட்டபோது மாறிய வினா

இனி நிகழ்ந்தவற்றுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறதிநோயோடு வாழ்வோரையும் அவர்களைப் பேணுவோரையும் ஒருங்கே அழைத்து, கருவிகளை அவர்களோடு சேர்ந்தே வடிவமைக்க முற்பட்டனர். அம்முயற்சியின் அறிக்கை 2009-இல் வெளியாயிற்று. 'அன்றாடம் தொடர்பில் இருத்தல்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, திட்டத்துக்குக் 'கைட்' என்று பெயரிட்டிருந்தனர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் காற்றாடி என்றும் பொருள். பறக்கவும் வேண்டும், நூலும் அறுந்துபோகக் கூடாது. அந்த நூல் யார் கையில் இருப்பது என்பதே அங்கு எழுந்த கேள்வி என்றால் மிகையாகாது.

முதலில் குழு உரையாடல்கள் நடத்தினர். பின்பு பட்டறைகளில் கூடிக் கருவியின் தன்மையை ஆராய்ந்தனர். மாதிரிகளைச் செய்து மீண்டும் அவர்களிடமே கொண்டுவந்து காட்டினர். வெளியே நடந்து செல்வதும், வழி தவறாமல் வீடு திரும்புவதும் உரையாடல்களின் மையமாயின. ஒருவர் இருக்குமிடத்தைப் பிறர் அறிவது மட்டும் போதாது; வெளியே சென்றவரும் வீட்டிலிருப்பவரும் இருபுறமும் பேசிக்கொள்ள வேண்டும், வழி தடுமாறும்போது செல்ல வேண்டிய திசையைக் கருவி காட்ட வேண்டும் என்னும் தேவைகள் வெளிவந்தன. இறுதியில் புயத்தில் அணியும் பட்டை ஒன்றும், மின்னணுக் குறிப்பேடு ஒன்றும் மாதிரிகளாக உருவாயின.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்போம். வீட்டிலிருப்பவரை மட்டும் கேட்டிருந்தால் எழும் வினா, 'அவர் எங்கே இருக்கிறார்?' என்பது. அதற்கு விடையாகச் செய்யப்படும் கருவி தொலைந்த பொருளைத் தேடும் கருவி. அணிந்திருப்பவருக்கு அதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. நடப்பவரையும் கேட்டால் எழும் வினா, 'நான் எங்கே இருக்கிறேன்? எப்படி வீட்டுக்குப் போவது?' என்பது. அதற்கு விடையாகும் கருவி வழித்துணை. உள்ளேயிருக்கும் நுட்பம் ஏறத்தாழ ஒன்றே. முன்னதில் அவர் தேடப்படுபவர். பின்னதில் அவர் வழிநடப்பவர். இலக்கணத்தில் செயப்படுபொருளாக இருந்தவர் எழுவாயாகிவிடுகிறார். இந்த மாற்றத்தைப் பொறியியல் அறிவினால் மட்டும் கண்டிருக்க முடியாது. கேட்டதனால் கிடைத்தது அது.

சொற்களும் அப்போது மாறிவிடுகின்றன. நாம் மாலையில் தெருக்கோடி வரை சென்று வந்தால் அதற்கு 'உலாவுதல்' என்று பெயர். மறதிநோயுற்றவர் அதே தெருவில் சென்றால் 'அலைகிறார்' என்கிறோம். மருத்துவ நூல்களிலும் நெடுங்காலம் அவ்வாறே எழுதினர். அவர் பழைய அலுவலகத்துக்குப் புறப்பட்டிருக்கலாம். இறந்துபோன தமக்கையின் வீட்டைத் தேடிச் சென்றிருக்கலாம். வீட்டுக்குள் புழுக்கம் தாளாமல் காற்று வாங்கப் போயிருக்கலாம். அவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்பதையே 'அலைதல்' என்னும் சொல் மறுத்துவிடுகிறது.

மூடியைத் திறந்தால் பாட்டு

கருவி நன்கு அமைவதற்கும் கேட்பது இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தின் பாத் நகரில் ரோஜர் ஆர்ப்வுட் என்னும் பொறியியலாளரும் அவர் குழுவினரும் செய்த பணி உணர்த்துகிறது. அங்கு உருவான இசைக்கருவி ஒன்று பார்வைக்குப் பழங்கால வானொலிப் பெட்டி போல இருக்கும். மேல்மூடியைத் தூக்கினால் பாட்டு ஒலிக்கும், மூடினால் நின்றுவிடும். அடுத்த பாட்டுக்குச் செல்ல ஒரே ஒரு பெரிய பொத்தான். அவ்வளவே. எளிமை என்று நாம் நினைக்கும் புதுப்பாணிப் பொத்தான்கள் பல, இந்நோயோடு வாழ்வோருக்கு எதையும் உணர்த்துவதில்லை. புதிதாகக் கற்கும் திறன் குன்றினாலும், கை பழகிய செயல்கள் நெடுங்காலம் நிலைக்கின்றன. பெட்டி என்றால் மூடியைத் திறக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். அருகிருந்து பார்த்தும் கேட்டும் செய்தவர்களால்தான் இவ்வாறு செய்ய முடிந்தது.

ஆர்ப்வுட் குழுவினர் குளோஸ்டர் நகரில் மாதிரி வீடொன்றை அமைத்தபோது ஓர் அழகிய நெறியைக் கடைப்பிடித்தனர். அன்புள்ள உறவினர் அருகில் இருந்தால் எவ்வாறு நடந்துகொள்வாரோ, அவ்வாறே கருவியும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடக் கூடாது. முதலில் நினைவூட்ட வேண்டும். அவர் எழுந்து சென்று தாமே அணைத்தால் நன்று. அதற்குப் பிறகும் அணையாவிடில் கருவி அணைக்கலாம். தேவையெனில் பிறருக்குத் தெரிவிக்கலாம். ஆபத்தைத் தடுப்பதோடு, தம் அடுப்பைத் தாமே அணைக்கும் வாய்ப்பையும் அவருக்கு விட்டுவைக்கிறது இந்நெறி. நம் வீடுகளில் மனிதர்களாகிய நாமே இந்த வரிசையைப் பின்பற்றுகிறோமா என்பது வேறு வினா.

ஸ்காட்லாந்தின் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சர்க்கா' என்னும் உரையாடல் துணைக்கருவியை உருவாக்கினர். தொடுதிரையில் பழைய படங்கள், பாடல்கள், காட்சித் துண்டுகள் இருக்கும். நோயோடு வாழ்பவரும் பேணுபவரும் அருகருகே அமர்ந்து, வேண்டியதைத் தொட்டுத் தேர்ந்து பேசிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்களை வைப்பதே சிறந்தது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் ஊருக்குப் பொதுவான பழைய காட்சிகளையே வைத்தனர். ஏன்? குடும்பப் படம் ஒரு தேர்வுத்தாளாக மாறிவிடுகிறது. 'இது யார் சொல்லுங்கள்?' என்று நாம் கேட்கிறோம், அவர் தோற்கிறார். பொதுவான சந்தைக் காட்சிக்குச் சரியான விடை, தவறான விடை என்று இல்லை. எதைச் சொன்னாலும் உரையாடல் வளர்கிறது. வழக்கமான முறையில் பேணுவோரே பெரும்பாலும் கேள்விகளைத் தொடுத்துக்கொண்டிருந்தனர். இக்கருவியோடு அமர்ந்தபோது அடுத்துப் பேச வேண்டியதை நோயுற்றவரும் தேர்ந்தெடுத்தார்.

ஆகவே எல்லாக் கேள்வியும் கேள்வியாகிவிடாது. சோதிப்பதற்காகக் கேட்பது வேறு, அறிவதற்காகக் கேட்பது வேறு. மறதிநோய் வந்தபின் அவரை நோக்கி நம் கேள்விகள் குறைவதில்லை, பெருகுகின்றன. 'நான் யார்?', 'இன்று என்ன கிழமை?', 'காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?' அவை யாவும் நமக்கு விடை தெரிந்த கேள்விகள். நமக்கு விடை தெரியாத, அவரால் மட்டுமே விடை தரக்கூடிய கேள்விகளைத்தான் நாம் நிறுத்திவிடுகிறோம்.

எரிகோவின் வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கூவியழைத்தபோது, அவருக்கு வேண்டியது என்ன என்பது கூடியிருந்த அனைவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆயினும் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவரிடமே கேட்டதாக மாற்கு எழுதுகிறார். தேவை வெளிப்படையாகத் தெரிவதால் கேட்கும் கடமை நீங்கிவிடுவதில்லை.

கேட்கும் முறை

கேட்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்வோம். 'இப்படி ஒரு கருவி இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்' என்றால் அவர் திகைப்பார். இல்லாததைக் கற்பனை செய்வது நோயினால் கடினமாகிவிடுகிறது. எனவே கையில் பொருளைக் கொடுத்துக் கேட்க வேண்டும். அட்டையில் செய்த மாதிரியாயினும் போதும்; அவர் அதைப் புரட்டிப் பார்ப்பதும், சட்டைப்பையில் வைக்க முயல்வதும், ஒதுக்கித் தள்ளுவதும் விடைகளே. பழகிய இடம், பழகிய முகம், ஒரு நேரத்தில் ஒரே வினா, விடைக்குக் காத்திருக்கும் பொறுமை ஆகியவை வேண்டும்.

'நேற்றுச் சம்மதித்தாரே, இன்று மறந்துவிட்டாரே' என்னும் சிக்கலுக்கு, ஜேன் டூயிங் என்னும் செவிலியல் அறிஞர் 2007-இல் விளக்கிய முறை வழிகாட்டுகிறது. சம்மதம் என்பது ஒருமுறை கையொப்பம் வாங்கி முடிக்கும் காரியமன்று; ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கேட்டு, முகத்தையும் உடலசைவையும் கவனித்து, மனமின்மை தெரிந்தால் நிறுத்திவிடும் தொடர் உறவு என்பது அதன் சாரம்.

'கேட்டதையே மறந்துவிடுவாரே, பின் கேட்டு என்ன பயன்?' என்பார்க்கும் விடை உண்டு. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அல்சைமர் நோயுற்றோருக்கு மகிழ்ச்சியும் துயரமும் ஊட்டும் திரைப்படத் துண்டுகளைக் காட்டினர். பார்த்தது நினைவிலிருந்து மறைந்த பின்பும், அது எழுப்பிய உணர்வு அவர்களிடம் நிலைத்திருந்தது. மதிப்போடு கேட்கப்பட்டவர் கேள்வியை மறக்கலாம். மதிக்கப்பட்ட இதம் அவரிடம் தங்கக்கூடும். அவமதிப்பின் கசப்பும் அவ்வாறே தங்கக்கூடும்.

தங்களைக் கேளாமல் தங்களைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளர் எழுப்பிய முழக்கம். அதன் உணர்வைத் தாங்கியதே 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை. இந்தியா 2007-இல் அதனை உறுதிசெய்தது. மறதிநோயோடு வாழ்வோரும் இவ்வழியில் ஒன்றுகூடினர். 1999-இல் தமக்கு நோய் இருப்பதை அறிந்த ஜேம்ஸ் மெக்கிலப் முன்னின்று, 2002-இல் ஸ்காட்லாந்தில் இந்நோயுற்றோரே நடத்தும் குழுவை உருவாக்கினார். 2014-இல் பல நாட்டினர் இணைந்த அமைப்பும் தோன்றியது. நோய் கண்டவுடன் குரல் அணைந்துவிடுவதில்லை என்பதற்கு இவர்கள் சான்று.

எளிதில் தீராத இடர்ப்பாடுகள்

வண்டிகள் விரையும் சாலையில் வழி தவறிய முதியவர் உயிரிழக்கக்கூடும். இரவு முழுவதும் விழித்திருந்து வாயிலைக் காக்கும் மருமகளின் களைப்பு உண்மையானது. 'சுதந்திரம்' என்று எட்ட நின்று பேசுவது எளிது. அவளுடைய ஓர் இரவை நாம் ஏற்கத் தயாரா? அவளும் கேட்கப்பட வேண்டியவளே. நியூகாசிலில் பேணுவோரையும் சேர்த்தே அழைத்தது இதனால்தான். இருவர் குரலும் ஒலிக்கும்போது முரண்பாடு மறைந்துவிடுவதில்லை. ஆனால் ஒருவர் கவலையை மற்றவர் காதால் கேட்கிறார். 'நீங்கள் போவது பிழையில்லை அப்பா, திரும்பாவிட்டால் எனக்குப் பயமாயிருக்கிறது' என்பதும், 'என்னைக் கட்டிப்போடாதே, எனக்கு வழி காட்டு' என்பதும் ஒரே மேசையில் வைக்கப்படுகின்றன.

இன்னொரு சிக்கல் இன்னும் ஆழமானது. நலமாயிருந்தபோது ஒருவர் சொன்ன விருப்பமும், நோய் முற்றியபின் அவர் காட்டும் விருப்பமும் மாறுபட்டால் எதைப் பின்பற்றுவது? அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்டு டுவோர்க்கின் 1993-இல், தம் வாழ்வு முழுவதையும் கருதித் தெளிவோடு சொன்ன முந்தைய சொல்லுக்கே மதிப்பளிக்க வேண்டும் என்றார். ரெபெக்கா டிரெஸ்ஸர் 1995-இல் அதை மறுத்து, இப்போது நம்முன் இருப்பவரின் இன்பதுன்பங்களைப் பழைய சொல்லுக்குப் பலியிடலாகாது என்றார். 'இடங்காட்டும் கருவியை எனக்குக் கட்டுங்கள்' என்று அன்று சொன்னவர், இன்று அதை அணிவிக்கும்போதெல்லாம் அழுதால் என்ன செய்வோம்? இருவருள் ஒருவரை முற்றிலும் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அன்றைய சொல் அவருடையது; இன்றைய கண்ணீரும் அவருடையதே. ஆயினும் ஒன்று சொல்லலாம்: அன்றும் கேட்டு இன்றும் கேட்பவருக்கே இந்த இடர்ப்பாடு வரும். ஒருபோதும் கேளாதவருக்கு இது வராது. அந்த எளிமை பாராட்டத்தக்கதன்று.

மூன்றாவது, ஒப்புக்குக் கேட்பது. எல்லாவற்றையும் முடிவு செய்தபின் நோயுற்ற ஒருவரை அழைத்து அமர்த்திப் படம் எடுத்துக்கொண்டு, 'இவர்களோடு சேர்ந்து செய்தோம்' என்று அறிவிப்பது கேளாமையினும் தீது. கேட்டதனால் ஏதேனும் ஒன்று மாறியதா என்பதே உண்மையான கேட்டலுக்கு உரைகல்.

நம் வீட்டு வாயிலில்

நம்மில் பெரும்பாலோர் கருவி வடிவமைப்பவர்கள் அல்லர். ஆனால் முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் வடிவமைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கட்டிலை எங்கே போடுவது, எந்த விளக்கை இரவில் எரியவிடுவது, எந்தக் கதவைத் திறந்துவைப்பது, கைப்பேசியில் யார் படத்தை முதலில் வைப்பது என ஒவ்வொன்றும் ஒருவர் உலகத்தின் எல்லையை வரைகிறது. கழிவறைக் கதவுக்கு அடையாளமாக எந்த நிறம் பூசலாம் என்று கேட்பதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. இரண்டு சேலைகளை முன்னே வைத்து 'எது?' என்று கேட்கலாம். நோய் தொடங்கிய காலத்திலேயே, பின்னாளில் வரப்போவதைப் பற்றி அஞ்சாமல் உட்கார்ந்து பேசலாம். 'குழந்தை மாதிரி' என்னும் சொல்லைக் கைவிடலாம். குழந்தைக்குப் பின்னால் எண்பது ஆண்டு வாழ்வு இல்லை, இவருக்கு இருக்கிறது.

கருவிகள் வரும், மேலும் நுண்மையாகும், விலையும் குறையும். அவை யாருடைய வினாவுக்கு விடையாக வருகின்றன என்பதை நாம் பார்க்க வேண்டும். கருவியை வாங்கிக் கொண்டுவந்து கையில் கட்டிவிடுமுன், அதை அவர் உள்ளங்கையில் வைப்போம். இது எதற்கு என்று சொல்வோம். வேண்டுமா என்று கேட்போம். விடை உடனே வராது. வரும்போது சொற்களாக வராமலும் போகலாம். அவர் கண்களைப் பார்த்தபடி சற்றுக் காத்திருப்போம்.